ஒரு மோட்டார், மூன்று அத்தியாயம், ஒரு முன்னுரை

ஒரு ஆள் ஒரு மணி நேரத்தில் வைக்கிற குழம்பை ஆறு ஆள் சேர்ந்து பத்து நிமிடத்தில் வைத்துவிடலாமா, சொல்லுங்கள் பார்ப்போம்? பள்ளிக்கூடத்துக் கணக்கில் வைக்கலாம். பத்து நிமிடம் என்று எழுதினால் முழு மார்க். அடுப்படியில் நின்று பார்த்தவர்களுக்குத்தான் தெரியும், ஆறாவது ஆள் உப்பு டப்பாவைத் திறக்கும்போது முன்னாடியே மூன்று பேர் போட்டு முடித்திருப்பார்கள் என்று. அடுப்படிப் பக்கமே போகாத ஒரு கரடி இந்தக் கணக்கை நம்பியது. அதனால் வந்த கதை இது.

ஒரு காட்டில், பாறைக்கு இந்தப் பக்கம் ஒரு குட்டையும் அந்தப் பக்கம் ஓர் ஓடையும் இருந்தன. ஓடையில் எந்தக் கோடையிலும் தண்ணீர் ஓடும். குட்டையில் பங்குனி பிறந்தால் சேறுதான். அதனால் ஓடைக்கரையில் ஒரு மோட்டாரை வைத்து, குட்டைவரைக்கும் குழாய் போட்டு, தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தன மிருகங்கள். ஆளில்லாமல் கிடந்த ஏதோ ஒரு தோட்டத்திலிருந்து யானைகள் பிடுங்கிவந்த மோட்டார் அது. வெயில் பட்டால் ஓடும், வெயில் சாய்ந்தால் நின்றுவிடும்.

அந்தக் காட்டுக்கு எந்தச் சாமான் வந்தாலும் அதை எப்படிப் பயன்படுத்துவது என்று கையேடு எழுதுவது குருவம்மா என்கிற முள்ளம்பன்றிதான். தன் முதுகிலிருந்து ஒரு முள்ளைப் பிடுங்கி, நாவல்பழச் சாற்றில் தொட்டு, தேக்கிலையில் எழுதுவாள். முள்ளைப் பிடுங்கினால் வலிக்கும். முள் மழுங்கிவிட்டால் இன்னொன்றைப் பிடுங்க வேண்டும். அதனால் சுருக்கமாகவே எழுதிப் பழகிவிட்டாள்.

அந்தச் சுருக்கத்தில்தான் ஒரு வினை வந்தது. குழாய் வாயில் நிறையத் தண்ணீர் ஊற்றிவிட்டுத்தான் சுவிட்சைப் போட வேண்டும். இல்லையென்றால் மோட்டார் காற்றைக் குடித்துச் சூடாகிவிடும். குருவம்மா அதற்கு எழுதியிருந்த வரி இவ்வளவுதான்: "வழக்கம்போல் தண்ணீர் ஊற்றவும்." வழக்கம் என்றால் எவ்வளவு என்று அவளுக்குத் தெரியும். ஒச்சப்பன் என்கிற காட்டுப்பன்றிக்குத் தெரியாது. அவன் மோட்டார் ஓட்டும் வேலைக்கு வந்ததே அன்றுதான். தனக்குத் தாகம் எடுத்தால் எவ்வளவு குடிப்போம் என்று யோசித்து, அந்த அளவுக்கு ஒரு வாய் ஊற்றிவிட்டுச் சுவிட்சைப் போட்டான். மோட்டார் உறுமி, புகைந்து, கருகி, அதோடு சரி.

யானைகள் மறுபடியும் போய் இன்னொரு மோட்டாரைப் பிடுங்கிவந்தன. மோட்டார் புதுசு, குழாய் அதே பழைய குழாய்தான். கரடித் தலைவர் இந்தத் தடவை ஒரு சட்டம் போட்டார். தன் பாதத்தால் முத்திரை குத்திய கையேடு வரும்வரை யாரும் புது மோட்டாரைத் தொடக் கூடாது. வந்தபிறகு அதில் இருக்கிற ஓர் எழுத்தைக்கூட விடாமல் செய்ய வேண்டும். மற்றவர்கள் தலையாட்டிவிட்டுப் போனார்கள். ஒச்சப்பன் மட்டும் அதை நெஞ்சில் எழுதிக்கொண்டான். அன்று முதல் "உட்காரவும்" என்று எழுதிக் காட்டினால்தான் உட்காருவான் போலிருந்தது.

இப்போது குட்டைக்கு வருவோம். அதில் சீரங்காயி என்கிற தவளையின் தலைப்பிரட்டைகள் இருந்தன. அறுநூறு என்று சொல்வாள். எண்ணிப் பார்க்க ஒன்றுகூட ஓரிடத்தில் நின்றதில்லை. அந்தப் பிள்ளைகளுக்குக் கால் முளைக்க இன்னும் ஏழு நாள் வேண்டும். கால் வந்துவிட்டால் கரையேறி எங்காவது தாவிப் பிழைத்துக்கொள்ளும். அதற்குள் தண்ணீர் வற்றினால் ஒன்றும் மிஞ்சாது. ஓடையில் கொண்டுபோய் விடலாம் என்றால் அங்கே கெளுத்தி மீன்கள் வாயைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருக்கின்றன. குட்டையில் இருந்ததோ நாலு விரல் தண்ணீர். அதுவும் தவளை விரலுக்கு.

சீரங்காயி ஓடிப்போய்க் குருவம்மாவைக் கேட்டாள். நாளைக்குப் பொழுது சாய்வதற்குள் எழுதிவிடுவேன் என்றாள் குருவம்மா. அதோடு வீட்டுக்குப் போயிருக்கலாம். பெற்ற மனசு கேட்குமா? இன்னும் கொஞ்சம் சீக்கிரமாக ஆகுமா என்று கரடித் தலைவரிடமும் போய்க் கேட்டுவைத்தாள்.

இப்படி யாராவது வந்து கேட்கமாட்டார்களா என்றுதான் தலைவரும் காத்திருந்தார். போன மாதம் பக்கத்துக் காட்டில் நடந்த கூட்டத்துக்குப் போய்வந்ததிலிருந்து அவருக்கு ஓர் ஆசை. அங்கே ஒரு கொக்கு பேசியது. அதற்கு வேலை, மற்றவர்கள் வேலையை எப்படிச் செய்ய வேண்டும் என்று வழி சொல்வது. தலைவர் கணக்குப் போட்டார். ஒருத்தி இரண்டு நாளில் செய்வதை ஐந்து பேர் செய்தால் அரை நாள்கூட ஆகாது. உடனே கொக்குக்கு ஆள் அனுப்பினார்.

கொக்கு வந்து குட்டைக்கரையில் இறங்கியதும் சீரங்காயி ஓடிப்போய்ப் பிள்ளைகளுக்கு முன்னால் நின்றுகொண்டாள். கொக்கு அவளை ஒரு பார்வை பார்த்து, தண்ணீரை ஒரு பார்வை பார்த்து, ஆறுதலாகச் சொன்னது.

"பயப்படாதீங்கம்மா. நான் வேலை நேரத்துல சாப்பிடுறதில்லை."

தண்ணீர் வற்றுவதில் கொக்குக்கு நட்டம் ஒன்றுமில்லைதான். ஆனாலும் அதன் மனசில் அப்படி ஒரு நினைப்பே இல்லை என்றுதான் நான் நம்புகிறேன்.

கொக்கு குருவம்மாவைக் கூப்பிட்டு, எப்படி எழுதுவாய் என்று விசாரித்தது. சாமானைப் போய்ப் பார்ப்பேன், ஓட்டிப் பார்ப்பேன், எழுதுவேன், எழுதினதை வாசித்துக்கொண்டே திரும்ப ஒரு தடவை ஓட்டிப் பார்ப்பேன் என்றாள் அவள். கொக்கு சேற்றில் அலகால் நாலு வட்டம் போட்டது. நாலு வட்டத்துக்குள்ளும் ஒரே முள்ளம்பன்றி. இந்த ஆள் காய்ச்சலில் படுத்தால் என்ன ஆகும் என்று கேட்டது. கேட்டதில் தப்பில்லை. போன மழைக்காலத்தில் குருவம்மா ஒரு வாரம் படுத்துக் கிடந்தபோது, அவள் கிறுக்கி வைத்ததை யாராலும் வாசிக்க முடியவில்லை. அதோடு விட்டிருந்தால் அவளும் பதில் சொல்லியிருப்பாள். கொக்கு அந்த "வழக்கம்போல்" என்ற சொல்லையும் எடுத்துப் போட்டது. குருவம்மா தலையைக் குனிந்துகொண்டாள். ஒச்சப்பன் இருக்கிற பக்கம்கூடத் திரும்பவில்லை.

பிறகு வேலை பங்கு போடப்பட்டது. தண்ணீர் ஊற்றுவது முதல் அத்தியாயம், அதைப் பவளம் என்கிற அணில் எழுதும். சுவிட்சைப் போடுவது இரண்டாவது, அது கீரிக்கு. வால்வைத் திறப்பது மூன்றாவது, அது மரங்கொத்திக்கு. எழுதியதைச் சரிபார்ப்பது உடும்பு. எல்லாம் முடிந்தபிறகு குருவம்மா ஒரு ஓரமாக நிற்பதைத் தலைவர் பார்த்தார்.

"அனுபவசாலி. முன்னுரை எழுதட்டும்" என்றார்.

எல்லாரும் கைதட்டினார்கள். முன்னுரை என்பது பெரிய மரியாதை. கல்யாணத்தில் முன்வரிசை நாற்காலியில் உட்கார வைத்துவிட்டுச் சமையல்கட்டுச் சாவியை வாங்கிக்கொள்வது போல.

எழுதுவதற்கு முள் வேண்டுமே. ஆளுக்கு ஒன்று என்று நாலு முள்ளைக் குருவம்மாவின் முதுகிலிருந்துதான் பிடுங்கினார்கள். தனியாக எழுதியிருந்தால் ஒன்றோடு போயிருக்கும்.

கொக்கு இரண்டு ஏற்பாடு செய்தது. ஒன்று, அடுத்தவர் அத்தியாயத்தை யாரும் எட்டிப் பார்க்கக் கூடாது. பார்த்தால் பேச்சு வரும், பேச்சு வந்தால் நேரம் போகும். இரண்டாவது, எல்லா அத்தியாயமும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். மோட்டாரில் எது ரொம்ப ஆபத்து என்று எல்லாரையும் கேட்டது. ஓடுகிற மோட்டாரில் கை வைப்பதுதான் என்றார்கள். சரி என்று மூன்று தேக்கிலையை எடுத்து, ஒவ்வொன்றின் தலைப்பிலும் செங்காவியால் ஒரு கட்டம் போட்டு, கட்டத்துக்குள் "முதலில் மோட்டாரை நிறுத்தவும்" என்று எழுதிக் கொடுத்தது. இதற்குக் கீழேதான் அவரவர் அத்தியாயத்தை எழுத வேண்டும். கட்டத்தில் யாரும் கை வைக்கக் கூடாது. முன்னுரை அத்தியாயம் இல்லை என்பதால் குருவம்மாவுக்கு வெற்று இலை.

தினமும் காலையில் கூட்டம். கூட்டம் சீக்கிரம் முடிய வேண்டும் என்பதற்காக எல்லாரும் ஒற்றைக் காலில் நின்றுதான் பேச வேண்டும் என்றது கொக்கு. கீரி விழுந்தது. அணில் விழுந்து விழுந்து எழுந்தது. உடும்புக்கு எந்தக் காலைத் தூக்குவது என்பதிலேயே பாதி நேரம் போனது. கொக்குக்கு ஒற்றைக் கால் என்பது ஓய்வு. அது சாவகாசமாகப் பேசிக்கொண்டிருந்தது. சீரங்காயி கரையோரமாக வந்து, தண்ணீர் மூன்று விரலுக்கு வந்துவிட்டது என்று சொல்லப் பார்த்தாள். பயனாளிகள் கருத்துக் கேட்கும் கூட்டம் வேறு நாளில் இருக்கிறது என்று பணிவாகத் திருப்பி அனுப்பினார்கள். இந்தக் கூட்டங்கள் எல்லாம் குட்டைக்கரையில்தான் நடந்தன. கேட்பதற்கு அறுநூறு பேர் உள்ளே இருந்தார்கள். அவர்களுக்கும் வேறு வேலை இல்லை.

உள்ளதைச் சொல்ல வேண்டும், யாரும் சோம்பி இருக்கவில்லை. பவளம் ஓடைக்கும் குழாய்க்குமாக முப்பது தடவை ஓடி, எவ்வளவு தண்ணீர் பிடிக்கிறது என்று அளந்து பார்த்தது. சரியாக ஆறு சுரைக்குடுக்கை. இதைக் காதில் வாங்கியபோது குருவம்மாவுக்கே கொஞ்சம் வெட்கமாக இருந்தது. இத்தனை வருசத்தில் அவள் ஒருநாளும் அளந்ததில்லை. கீரி சுவிட்சைப் பற்றி ஒன்பது இலை எழுதியது. சுவிட்ச் பிறந்த வரலாறு அதில் நாலு இலை. மரங்கொத்தி வால்வைப் படமாகவே கொத்திவிட்டது. பூசணிப்பூ மாதிரி இருந்தாலும் அழகாக இருந்தது.

உடும்புதான் விடவில்லை. முதல் அத்தியாயத்தில் "குழாய்" என்று இருக்கிறது, மூன்றாவதில் "பைப்பு" என்று இருக்கிறது, காட்டின் சொல் எது என்று கேட்டுப் பிடித்துக்கொண்டது. பெரியவர்களை எல்லாம் விசாரித்து, "குழாய்" என்று முடிவாகி வருவதற்குள் ஒரு பகல் போனது. தண்ணீர் இரண்டு விரலுக்கு வந்தது.

ஐந்தாம் நாள், வெள்ளிக்கிழமை, கையேடு முடிந்தது. கரடித் தலைவர் பாதத்தைக் காவியில் தோய்த்து முத்திரை குத்தினார். கொக்கு அதைத் தொட்டுப் பார்த்துச் சந்தோசப்பட்டுவிட்டு, செவ்வாய்க்கிழமை வருகிறேன் என்று சொல்லி வேறொரு காட்டுக்குப் பேசப் பறந்துபோனது. குட்டையில் ஒரு விரல் தண்ணீர். பிள்ளைகளுக்கு முதுகு வெளியே தெரிந்தது. பின்னங்கால் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு சின்ன மொட்டு. இன்னும் இரண்டு நாள். பொழுது சாய்வதற்குள் குட்டை காய்ந்துவிடும் என்பதைச் சீரங்காயிக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

மதியம் மோட்டாரைச் சுற்றி எல்லாரும் கூடினார்கள். ஒச்சப்பன் கையேட்டை விரித்தான். அட்டைக்கு அடுத்து முன்னுரை. "இக்கையேட்டைப் படிக்கும் அனைவருக்கும் வணக்கம்" என்று வாசித்தான். இரண்டு முன்னங்காலையும் சேர்த்து மோட்டாரைப் பார்த்து வணக்கம் சொன்னான். "இவ்வேளையில் தலைவருக்கு நன்றி கூறக் கடமைப்பட்டுள்ளோம்" என்று அடுத்த வரி. கையேட்டைக் கீழே வைத்துவிட்டு, தலைவர் நின்ற இடத்துக்குப் போய் நன்றி சொல்லிவிட்டுத் திரும்பி வந்தான். தலைவருக்கு இது பிடித்திருந்தது.

முதல் அத்தியாயம். கட்டத்தில் "முதலில் மோட்டாரை நிறுத்தவும்". மோட்டார் நின்றுகொண்டுதான் இருந்தது. இருந்தாலும் சுவிட்சைத் தொட்டுப் பார்த்து உறுதிப்படுத்திக்கொண்டான். ஆறு குடுக்கை தண்ணீர் ஊற்றினான். இரண்டாம் அத்தியாயம். கட்டத்தைப் படித்து மறுபடி உறுதிப்படுத்திக்கொண்டு, சுவிட்சின் வரலாற்றையும் சத்தமாக வாசித்து முடித்து, சுவிட்சை மேலே தள்ளினான். மோட்டார் உறுமியது. குழாய் அதிர்ந்தது. இனி வால்வைத் திறப்பது ஒன்றுதான் பாக்கி.

ஒச்சப்பன் மூன்றாம் அத்தியாயத்தைத் திருப்பினான். "முதலில் மோட்டாரை நிறுத்தவும்" என்று வாசித்தான். நிறுத்தினான்.

பழைய குழாய் என்று முதலிலேயே சொன்னேன் அல்லவா? மோட்டார் ஒருமுறை ஓடி அதிர்ந்து நின்றால் அதில் தண்ணீர் நிற்காது. ஊற்றிய ஆறு குடுக்கையும் களக் களக் என்று ஓடைக்கே இறங்கிவிட்டது. ஒச்சப்பன் படத்தில் உள்ளபடி வால்வைத் திறந்தான். கொஞ்சம் காற்று வந்தது. கையேட்டின் கடைசி வரி, "இப்போது தண்ணீர் வந்திருக்கும், வாழ்த்துகள்" என்று சொன்னது.

வணக்கத்திலிருந்து மறுபடியும் தொடங்கினான். மறுபடியும் காற்று. மூன்றாம் தடவையும் காற்று. வெயில் பாறைக்கு மேலே சாயத் தொடங்கியது.

என்ன தப்பு என்று தலைவர் எல்லாரையும் விசாரித்தார். என் அத்தியாயப்படி தண்ணீர் ஊற்றியாகிவிட்டது என்றது அணில். என் அத்தியாயத்தில் மோட்டார் ஓடியதா இல்லையா, நீங்களே பார்த்தீர்கள் என்றது கீரி. வால்வு திறந்திருக்கிறது பாருங்கள் என்றது மரங்கொத்தி, அந்தக் கட்டம் இலையிலேயே இருந்தது, நான் போடவில்லை என்றும் சேர்த்துச் சொன்னது. ஒவ்வொரு அத்தியாயத்தையும் நாலு தடவை பார்த்தேன், ஒன்றிலும் பிழை கிடையாது, சேர்த்து வைத்துப் பார்க்கச் சொல்லி எனக்கு யாரும் சொல்லவில்லை என்றது உடும்பு. எல்லாரும் சொன்னது உண்மை. கட்டம் கொக்குக்குச் சொந்தம், கொக்கு செவ்வாய்க்கிழமைதான் வரும். தலைவர் தலையைச் சொறிந்தார். முத்திரை குத்திய அத்தியாயத்தில் அவரே கை வைத்தால் நாளைக்கு யார் சட்டத்தை மதிப்பார்கள் என்று அவருக்குக் கவலை.

குருவம்மா ஒச்சப்பனை ஓரமாகக் கூட்டிப்போனாள்.

"ஒச்சப்பா, மூணாவது அத்தியாயத்துல அந்த ஒரு வரியை மட்டும் விட்டுரு."

"விட மாட்டேன்க்கா. போன தடவை நானா ஒண்ணை நினைச்சுச் செஞ்சேன். கருகின வாடை இன்னும் மூக்கைவிட்டுப் போகலை."

"பிள்ளைக செத்துப்போகும்டா."

"தெரியுதுக்கா. புத்தகத்துல எழுதிக் குடுங்க, இந்தா இப்பவே செய்றேன். வாயால சொல்லாதீங்க. என்னைய நம்பி மட்டும் எதையும் விடாதீங்க."

அவன் பிடிவாதமாகச் சொல்லவில்லை. பயந்து சொன்னான். அந்தப் பயத்தை அவனுக்குக் கொடுத்தது தன்னுடைய ஒரு சொல்தான் என்பதால் குருவம்மாவால் அதற்குமேல் வற்புறுத்த முடியவில்லை.

ஒச்சப்பன் போய் நாலாவது தடவை தொடங்கினான். முன்னங்காலைச் சேர்த்து வணக்கம் வைத்தான். தலைவரிடம் போய் நன்றி சொன்னான். தலைவருக்கு இப்போது அலுத்துவிட்டது. குருவம்மா இதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பார்த்துக்கொண்டே இருந்தவள் திடீரென்று உடும்பைத் தேடிப் போனாள். முன்னுரையைச் சரிபார்த்தாயா என்று கேட்டாள்.

"முன்னுரையை யாரு பாப்பாங்கக்கா?" என்றது உடும்பு.

தலைவரிடம் போனாள். முன்னுரையில் ஏதாவது திருத்தினால் சட்டத்துக்கு விரோதமா என்று கேட்டாள். சட்டம் அத்தியாயங்களுக்குத்தான், முன்னுரை உன்னுடைய பங்கு, அதில் நீ எதை எழுதினாலும் யாரும் தலையிடமாட்டார்கள் என்றார் அவர். எத்தனை வரி எழுதலாம் என்று கேட்டாள். அதை யாரும் யோசிக்கவில்லை என்று தெரிந்தது.

குருவம்மா முதுகிலிருந்து ஒரு முள்ளைப் பிடுங்கினாள். இந்த முறை வலித்ததா என்று அவளுக்கே தெரியாது. பழைய முன்னுரையைக் கிழித்துப் போட்டுவிட்டு, புது இலையில் இப்படி எழுதினாள்:

"இக்கையேட்டைப் படிக்கும் அனைவருக்கும் வணக்கம். குழாய்க்கு ஆறு குடுக்கை தண்ணீர் வேண்டும் என்று கண்டு சொன்ன அணில் பவளத்துக்கு நன்றி. அந்த நன்றியோடு ஆறு குடுக்கை தண்ணீரைக் குழாய் வாயில் ஊற்றவும். சுவிட்சின் வரலாறு எழுதிய கீரியாரை மனதில் நினைத்து, சுவிட்சை மேலே தள்ளவும். மோட்டார் ஓடிக்கொண்டிருக்கும்போதே வால்வை இடப்பக்கமாக மெதுவாகத் திருப்பி, மரங்கொத்தியார் வரைந்த படம் எவ்வளவு அழகு என்று வியக்கவும். குட்டை நிறையும்வரை வியந்துகொண்டே இருக்கவும். நிறைந்தபின் சுவிட்சைக் கீழே தள்ளவும். இதற்குப் பின்வரும் அத்தியாயங்கள் மிகச் சிறந்தவை. அவற்றை மோட்டாரிலிருந்து நூறு அடி தள்ளி உட்கார்ந்து, ஓய்வாகப் படித்து மகிழவும்."

ஒச்சப்பன் முத்திரையைப் பார்த்தான், அட்டையில் பத்திரமாக இருந்தது. புது முன்னுரையைப் பார்த்தான். அவன் முகத்தில் ஐந்து நாளாக இல்லாத ஒரு தெளிவு வந்தது. வணக்கம் வைத்தான். அணிலிடம் போய் நன்றி சொன்னான். ஆறு குடுக்கை ஊற்றினான். கண்ணை மூடிக் கீரியை நினைத்தான், கீரி பக்கத்தில்தான் நின்றது. சுவிட்சைத் தள்ளினான். மோட்டார் உறுமியது. வால்வை இடப்பக்கம் திருப்பிவிட்டு, படத்தைப் பார்த்து வியக்கத் தொடங்கினான்.

பாறைக்கு இந்தப் பக்கம் குழாய் இரண்டு தடவை இருமியது. செம்மண் கலங்கலாகக் கொஞ்சம் வந்தது. பிறகு கொட்டியது. சேற்றில் பக்கவாட்டில் படுத்துக் கிடந்த பிள்ளைகள் ஒவ்வொன்றாக நிமிர்ந்து நீந்தின. சீரங்காயி குழாயடியில் நின்று நனைந்துகொண்டே, ஒன்று, இரண்டு என்று எண்ணத் தொடங்கி, நாற்பதுக்கு மேல் முடியாமல் விட்டுவிட்டாள். வெயில் சாய்ந்து மோட்டார் தானாக நிற்கும்போது குட்டையில் கரடிக்கு முழங்கால் அளவு தண்ணீர். மோட்டார் நின்றதைக்கூடக் கவனிக்காமல் ஒச்சப்பன் வியந்துகொண்டிருந்தான். அவனைப் பிடித்து உலுக்கிச் சுவிட்சைக் கீழே தள்ள வைக்க வேண்டியிருந்தது.

செவ்வாய்க்கிழமை கொக்கு வந்தது. குட்டைக்கரையில் பாராட்டுக் கூட்டம். கரடித் தலைவர் ஒற்றைக் காலில் நின்றபடி அறிக்கை வாசித்தார். வேலையைப் பங்கு போட்டுச் செய்ததால் இந்தக் கையேடு முன்னுரையிலேயே பலன் கொடுத்துவிட்டது, அத்தியாயங்கள் மூன்றும் இன்னும் தொடப்படாமல் புத்தம் புதிதாக இருக்கின்றன, இப்படி மிச்சம் பிடித்த கையேடு இந்த வட்டாரத்தில் வேறு எந்தக் காட்டிலும் இல்லை என்றார். அணிலுக்கும் கீரிக்கும் மரங்கொத்திக்கும் பாராட்டு இலை. பிழையே விடாமல் சரிபார்த்த உடும்புக்குத் தனியாக ஒன்று. கொக்குக்கு மாலை. அடுத்த கையேட்டை ஏழாகப் பிரித்தால் முன்னுரைக்கும் முன்னாடியே, அட்டையிலேயே பலன் கிடைத்துவிடும் என்று கொக்கு வட்டம் போட்டுக் காட்டியது. எல்லாருக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

குருவம்மாவுக்கும் ஓர் இலை வந்தது. முன்னுரை அளவுக்கு மீறி நீண்டுவிட்டதாலும், மற்றவர்களுடைய பங்குக்குள் நுழைந்துவிட்டதாலும் விளக்கம் கேட்டு எழுதியிருந்தது. இனிமேல் முன்னுரையை இரண்டு பேர் எழுதுவார்கள் என்றும் இருந்தது. அவள் அதை வாசித்தாள். பின்பக்கம் எழுதாமல் காலியாக இருப்பதைப் பார்த்து, எதற்காவது உதவும் என்று பத்திரமாக மடித்து வைத்துக்கொண்டாள். பவளம் மட்டும் கூட்டம் முடிந்ததும் அவளிடம் வந்து, தன் பாராட்டு இலையில் பாதியைக் கிழித்து நீட்டியது. பங்கு போடுவது அதற்குப் பழகிவிட்டது.

கூட்டம் கலைந்தபிறகு கொக்கு குட்டையை ஒருமுறை எட்டிப் பார்த்தது. உள்ளே அறுநூறும் நாலு காலோடு, வாலும் சுருங்கி, குண்டு குண்டாக இருந்தன. கொக்கு தன் வேலை நேரம் எத்தனை மணிக்கு முடிகிறது என்று தலைவரை விசாரித்தது.

இதைக் கேட்டுவிட்ட சீரங்காயி பதறிப்போய்ப் பிள்ளைகளைக் கரையேறச் சொன்னாள். ஒன்றும் ஏறவில்லை. எல்லாம் தண்ணீர் ஓரத்தில் ஒற்றைக் காலில் நின்றுகொண்டிருந்தன. ஒரு வாரமாக அத்தனை கூட்டத்தையும் கேட்டு வளர்ந்த பிள்ளைகள் அல்லவா? முன்னங்காலை ஊன்றுவது ஒரு குழு, பின்னங்காலை உதைப்பது ஒரு குழு, தாவியதைச் சரிபார்ப்பது ஒரு குழு என்று பிரித்து வைத்திருந்தன. முன்னங்கால் குழு ஊன்றிவிட்டுக் காத்திருந்தது. பின்னங்கால் குழு, ஊன்றியாகிவிட்டது என்று தங்களுக்கு இன்னும் தகவல் வரவில்லை என்றது.

சீரங்காயி மூச்சிரைக்கக் குருவம்மாவிடம் ஓடிவந்தாள்.

"அக்கா, கால் இருக்கு, தாவ மாட்டேங்குதுக. கொக்குக்கு வேலை முடிய இன்னும் கொஞ்ச நேரந்தான் இருக்காம். தாவுறது எப்படின்னு ஒரு இலையில எழுதிக் குடுங்கக்கா. அத்தியாயம் எல்லாம் வேணாம். முன்னுரை மட்டும் போதும்."

நீதி: வேலையை எல்லாருக்கும் சரிசமமாகப் பங்கு போடுங்கள். எதற்கும் உதவாத பங்கை மட்டும் மறக்காமல் வேலை தெரிந்தவரிடம் கொடுத்துவிடுங்கள், வேலை முடிந்துவிடும்.